கத்திக்குக் கோபுரம்... தோற்றவனுக்குக் கடைத்தெரு! மலாக்காவில் ஒரு கெரிஸைத் தேடி

மலேசியாவின் மலாக்கா நகரில், பண்டார் ஹிலிர் பகுதியில் நின்று அண்ணாந்து பார்த்தால் ஒரு நெடிய கம்பம் தெரியும். உயரம் 110 மீட்டர். கம்பத்தைச் சுற்றி வளையல் மாட்டியதுபோல ஒரு கண்ணாடிக் கூண்டு. டிக்கெட் வாங்கி உள்ளே உட்கார்ந்துவிட்டால் போதும். கூண்டு மெதுவாகச் சுழன்றுகொண்டே 80 மீட்டர் உயரம் வரை ஏறும். ஒருபக்கம் மலாக்கா நீரிணையும் அதில் நகரும் கப்பல்களும் தெரியும். கூண்டு சுழலச் சுழல ஆறு, பழைய ஓட்டுக் கூரைகள், செயின்ட் பால் குன்று என நகரம் முழுக்க ஒரு சுற்று வந்துவிடும். குழந்தைகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொள்வார்கள். பெரியவர்கள் செல்போனை ஒட்டிக்கொள்வார்கள். சில நிமிடங்களில் சவாரி முடிந்து எல்லோரும் கீழே இறங்கிவிடுவார்கள்.

இறங்கியவர்களில் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று அந்தக் கம்பத்தின் உச்சியில் இருக்கிறது. அது ஒரு கத்தியின் கைப்பிடி. கோபுரத்தின் பெயரே அந்தக் கத்தியின் பெயர்தான். மெனாரா தாமிங் சாரி. மெனாரா என்றால் கோபுரம், நம் ஊர் மசூதி மினாரின் உறவுக்காரச் சொல். தாமிங் சாரி என்பது மலாய்க் கதைகளிலேயே மிகப் புகழ்பெற்ற குத்துவாள்.

கத்திக்குக் கோபுரம் கட்டிய ஊர் என்றால் சும்மாவா? அதன் பின்னால் ஒரு கொலை இருக்கிறது. கொன்றவனும் செத்தவனும் உயிர் நண்பர்கள்.

கேடயம் என்று பெயர் வைத்த கத்தி

மலாய் உலகின் குத்துவாளுக்குக் கெரிஸ் என்று பெயர். ஆங்கிலத்தில் 'கிரிஸ்' ஆகிவிட்டது. பாம்பு ஊர்ந்து போவதுபோல நெளிந்த அலகு, மேல்புறம் ஒரு பக்கமாக அகன்ற அடிப்பகுதி, துப்பாக்கிப் பிடிபோல வளைந்த கைப்பிடி. படத்தில் ஒருமுறை பார்த்தால் மறக்காது. நெளியாத, நேரான கெரிஸ்களும் உண்டு. நெளிவு இருந்தால் அதன் எண்ணிக்கை மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது என்று ஒற்றைப்படையில்தான் இருக்க வேண்டும் என்பது கொல்லர் மரபு.

தாமிங் சாரியின் கதை 'ஹிக்காயாட் ஹங் துவா' என்ற மலாய்க் காவியத்தில் வருகிறது. யுனெஸ்கோவின் 'உலக நினைவகம்' பட்டியலில் 2001-ல் இடம்பிடித்த நூல் அது. ஹங் துவா மலாக்கா சுல்தானின் தலைசிறந்த வீரன். ஒருமுறை சுல்தானுடன் ஜாவாவின் மஜாபாஹித் அரசுக்குப் போகிறான். அங்கே தாமிங் சாரி என்ற வீரன் அவனோடு மோதுகிறான். எத்தனை குத்தினாலும் அவன் உடம்பில் காயம் படவில்லை. ரகசியம் அவன் இடுப்பில் இருந்த கெரிஸில். ஹங் துவா சாமர்த்தியமாக அந்தக் கெரிஸைக் கைப்பற்றி அவனை வெல்கிறான். வீரனின் பெயரே கத்திக்கும் ஒட்டிக்கொள்கிறது. 'தாமெங்' என்றால் கேடயம், 'சாரி' என்றால் மலர் அல்லது சாரம். ஆளைக் கொல்லும் கருவிக்குக் கேடயம் என்று பெயர்!

இந்த ஹங் துவாவுக்கு நம் பக்கத்துத் தொடர்பும் உண்டு. அவன் பல மொழிகள் கற்றவன். சுல்தானின் தூதனாகக் 'கெலிங்' நாட்டுக்குக் கப்பலேறிப் போகிறான். கெலிங் என்பது தென்னிந்தியாவுக்கு அன்றைய மலாய்க்காரர்கள் வைத்த பெயர். காவியத்தில் அவன் அந்நாட்டு மொழியிலேயே பேசி அசத்துவான். அதாவது, மலாய் உலகின் ஆதர்ச வீரன் நம் பக்கத்து மொழியும் பேசியவன் என்று அந்தக் கதை பெருமையாகச் சொல்கிறது.

கதை இனிமேல்தான் சூடுபிடிக்கிறது. அரண்மனையில் பொறாமை. அந்தப்புரப் பெண்ணோடு ஹங் துவாவுக்குத் தொடர்பு என்று யாரோ கோள் மூட்ட, சுல்தான் விசாரிக்காமலேயே மரண தண்டனை விதிக்கிறார். முதலமைச்சரான பெண்டஹாரா புத்திசாலி. கொன்றுவிட்டதாகச் சொல்லிவிட்டு ஹங் துவாவை ஒளித்துவைக்கிறார். தாமிங் சாரி கெரிஸ் ஹங் துவாவின் பால்ய நண்பன் ஹங் ஜெபாட்டின் கைக்குப் போகிறது. நண்பன் அநியாயமாகச் செத்தான் என்று நம்பிய ஜெபாட், சுல்தானுக்கு எதிராகவே திரும்புகிறான். அரண்மனையைக் கைப்பற்றுகிறான். அவன் கையில் தாமிங் சாரி இருக்கும்வரை யாராலும் நெருங்க முடியாது.

ஒரே ஒருவனால் முடியும். பெண்டஹாரா உண்மையைச் சொல்ல, சுல்தான் ஹங் துவாவை வரவழைக்கிறார். தன்னைக் கொல்லச் சொன்ன அரசனுக்காக, தனக்காகக் கலகம் செய்த நண்பனைக் கொல்ல ஹங் துவா போகிறான். நாள்கணக்கில் சண்டை. தந்திரமாகத் தாமிங் சாரியைத் தன் கைக்கு மாற்றிக்கொள்கிறான். குத்துப்பட்ட ஜெபாட் கடைசியில் நண்பனின் மடியிலேயே உயிரை விடுகிறான்.

ஏறக்குறைய இதே சண்டை 'செஜாரா மெலாயு' என்ற இன்னொரு மலாய் நூலிலும் வருகிறது. அதில் செத்துப்போவது ஜெபாட் அல்ல, இன்னொரு நண்பனான ஹங் கஸ்தூரி. கஸ்தூரி நமக்குத் தெரிந்த கஸ்தூரிதான். ஜெபாட் என்றால் புனுகு. இரண்டு வாசனைப் பெயர்கள், ஒரே ரத்தக்கறை.

ஹங் துவா நிஜத்தில் வாழ்ந்தாரா என்பதிலேயே சண்டை உண்டு. அவர் வாழ்ந்ததற்கு வரலாற்றுச் சான்று இல்லை என்று மலேசியாவின் மூத்த வரலாற்றுப் பேராசிரியர் கூ கே கிம் 2012-ல் சொன்னபோது நாடே விவாதித்தது. விவாதம் நடக்கட்டும். கத்தி மட்டும் பத்திரமாக இருக்கிறது என்கிறது பேராக் மாநில அரச குடும்பம். அவர்களின் அரச சின்னங்களில் தாமிங் சாரி என்ற பெயரிலேயே ஒரு கெரிஸ் உண்டு. காவியத்தின்படியோ, சுல்தானின் கிரீடம் கடலில் விழ, அதை எடுக்கக் குதித்த ஹங் துவாவிடமிருந்து ஒரு வெள்ளை முதலை அந்தக் கெரிஸைப் பறித்துக்கொண்டு போய்விட்டது. எதை நம்புவது என்பது உங்கள் விருப்பம். மலாக்கா அருகே டுயோங் கிராமத்தில் ஹங் துவாவின் கிணறு என்று ஒன்றைக் காட்டுவார்கள். அவர் ஆன்மா அதில் வெள்ளை முதலையாக இருக்கிறதாம், புண்ணியம் செய்தவர்கள் கண்ணுக்கு மட்டும் தெரியுமாம்.

தோண்டத் தோண்டக் கோட்டை

கோபுரத்துக்கே திரும்புவோம். அது இப்போது இருக்கும் இடம் முதலில் திட்டமிட்ட இடம் அல்ல. ஆற்றங்கரை ஓரமாக நகரின் நடுவில் கட்டத்தான் 2006-ல் தோண்டினார்கள். மண்ணுக்கடியில் பழைய கற்சுவர் தென்பட்டது. டச்சுக்காரர்கள் காலத்து மிடில்பர்க் கொத்தளத்தின் அடித்தளம்! அகழாய்வு தொடங்கியது, கோபுரம் இடம் மாறியது. 2008-ல் கோபுரம் திறந்தது. அதே 2008-ல்தான் மலாக்காவும் பினாங்கின் ஜார்ஜ் டவுனும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. கொத்தளத்தை மறுபடி கட்டி ஆற்றங்கரையில் நிறுத்தியிருக்கிறார்கள். கத்தி கொஞ்சம் தள்ளி நின்றதால் கோட்டை தப்பித்தது.

செயின்ட் பால் குன்றின் அடிவாரத்தில் சுல்தான் கால அரண்மனையின் மர மாதிரி ஒன்று இருக்கிறது. 1986-ல் திறந்த அருங்காட்சியகம். உள்ளே துவாவும் ஜெபாட்டும் கெரிஸோடு மோதும் காட்சியை ஆளுயரப் பொம்மைகளாக வைத்திருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் சுற்றுலா வந்தால் அங்கேதான் அதிக நேரம் நிற்பார்கள். ஆசிரியர் கேட்கும் கேள்வி காலங்காலமாக ஒன்றுதான். யார் செய்தது சரி?

அரண்மனையில் நடந்த இன்னொரு ரத்தக்கதையில் தமிழ் ரத்தமும் இருக்கிறது. மலாக்காவின் கடைசிப் பெரிய பெண்டஹாராக்களில் ஒருவரான துன் முதாஹிர், மணி புரிந்தான் என்ற தமிழ் முஸ்லிமின் வழிவந்தவர். ராஜா மெண்டலியார், அதாவது முதலியார், என்ற வணிகரும் சம்பந்தப்பட்ட ஒரு கோள்மூட்டலில் சிக்கினார். 1510-ல் சுல்தான் மஹ்மூத்தின் உத்தரவால் கொல்லப்பட்டார். மறுவருடமே, 1511 ஆகஸ்ட்டில், போர்ச்சுக்கீசியர் வந்து நகரைப் பிடித்துக்கொண்டார்கள். விசாரிக்காமல் தண்டித்த அரசர்கள் என்ற பாடத்தில் துவாவின் கதை கதையாகவும், முதாஹிரின் கதை வரலாறாகவும் நிற்கின்றன.

அரிசி, தர்பூசணி, மைனா

கோபுரமும் தெருவும் கத்தியின் பெயரை எடுத்துக்கொண்டன, சரி. கத்தி யாரிடமிருந்து பெயர் எடுத்துக்கொண்டது? வயலிலிருந்தும் தோட்டத்திலிருந்தும்தான்.

ஜாவாவின் மரபில் கெரிஸ் செய்யும் கொல்லருக்கு 'எம்பு' என்று மரியாதைப் பெயர். சாதாரண இரும்பையும் நிக்கல் கலந்த இரும்பையும் அடுக்கி, உலையில் பழுக்கக் காய்ச்சி, அடித்து, மடித்து, மறுபடி அடித்து, மறுபடி மடிப்பார்கள். நடுவில் எஃகு. அடுக்குகள் பெருகிக்கொண்டே போகும். கடைசியில் அலகை எலுமிச்சைச் சாறும் பாஷாணமும் கலந்து கழுவினால் இரும்பு கறுக்கும், நிக்கல் வெள்ளியாக மின்னும். கோலம் போட்டதுபோல அலகு முழுக்க வரிகள் எழும்பும். இந்த வரிக்கோலத்துக்கு 'பாமோர்' என்று பெயர். ஒரு காலத்தில் பிரம்பானான் கோயில் பக்கம் விழுந்த விண்கல்லைச் சோலோ அரண்மனைக்குக் கொண்டுவந்து, அதன் இரும்பிலும் பாமோர் போட்டார்கள். வானத்திலிருந்து விழுந்த இரும்பு அரசரின் இடுப்புக்குப் போனது.

பாமோர் வகைகளின் பெயர்களைக் கேளுங்கள். 'பெராஸ் வுத்தா' என்றால் சிந்திய அரிசி. 'உடான் மாஸ்' என்றால் பொன்மழை. 'கூலிட் செமாங்கா' என்றால் தர்பூசணித் தோல். மீன் முள் என்றும் தென்னங்கீற்று என்றும்கூட உண்டு. அலகின் வடிவங்களில் ஒன்றுக்கு மைனா பெயர், இன்னொன்றுக்குப் பாக்குப் பாளைப் படுக்கை என்று பெயர். அடிப்பகுதியில் சுருண்டு நிற்கும் சின்னக் கொம்புக்கு யானைத் தும்பிக்கை, அதன் கீழே இருக்கும் பல்லுக்கு யானை உதடு. மலாய்க் கைப்பிடிகளில் நீண்ட மூக்கோடு இருப்பது மீன்கொத்தி. தோளைக் குறுக்கிக் கைகட்டி உட்கார்ந்திருப்பதுபோல இருப்பதற்கு 'ஜாவா டெமாம்', அதாவது காய்ச்சல் வந்த ஜாவாக்காரன்! குத்துவாளின் கைப்பிடிக்கு இப்படிப் பெயர் வைத்த ஆள் நிச்சயம் குறும்புக்காரராகத்தான் இருந்திருக்க வேண்டும்.

மலாய்க்காரர்கள் கெரிஸை இடுப்பின் முன்பக்கம் இடதுபுறமாகச் செருகுவார்கள். ஜாவாக்காரர்கள் முதுகுப் பக்கம். இன்று தெருவில் யாரும் செருகிக்கொண்டு போவதில்லை. கல்யாண மாப்பிள்ளை மட்டும் ஒருநாள் ராஜா. தலைப்பாகையும் சொங்கெட் பட்டும் உடுத்தி, இடுப்பில் கெரிஸோடு மேடையில் உட்காருவார். செய்பவர்களும் குறைந்துவிட்டார்கள். மலேசியாவில் திரங்கானு, கிளந்தான் பக்கம் பட்டறைகள் இருக்கின்றன. இந்தோனேசியாவில் மதுரா தீவின் ஆயெங் தோங்-தோங் கிராமம் கெரிஸ் செய்வதற்கென்றே பேர்போனது. ஆம், அந்தத் தீவின் பெயரும் மதுராதான். இந்தோனேசியக் கெரிஸை 2005-ல் மனிதகுலத்தின் வாய்மொழி, அருவப் பாரம்பரியத்தின் தலைசிறந்த படைப்புகளில் ஒன்றாக யுனெஸ்கோ அறிவித்தது.

பாஸ்போர்ட்டில் ஐந்து கத்திகள்

கத்தி இடுப்பிலிருந்து இறங்கிவிட்டது. பெயரும் உருவமும் மட்டும் இறங்கவில்லை.

மலேசியச் சொந்தக்காரர்கள் யாராவது இருந்தால் அவர்களின் பாஸ்போர்ட் அட்டையைப் பாருங்கள். நாட்டின் சின்னம் பொறித்திருக்கும். இரண்டு புலிகளுக்கு நடுவில் ஒரு கேடயம். அதன் மேல்பகுதியில் வரிசையாக ஐந்து கெரிஸ்கள். ஜோகூர், திரங்கானு, கிளந்தான், கெடா, பெர்லிஸ் ஆகிய ஐந்து மாநிலங்களைக் குறிப்பவை. செந்தூலில் இட்லிக்கடை வைத்திருப்பவராக இருந்தாலும், கிள்ளானில் ஆசிரியையாக இருந்தாலும், மலேசியத் தமிழர் ஒவ்வொருவரும் வெளிநாடு போகும்போது ஐந்து கெரிஸ்களைக் கையில் எடுத்துக்கொண்டுதான் போகிறார்.

ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதிய மாமன்னர் அரியணை ஏறும் சடங்கில், அவர் நீண்ட அரச கெரிஸை உறையிலிருந்து உருவி முத்தமிடுவார். தீபகற்பத்தின் 11 மாநிலங்களிலிருந்தும் ஒவ்வொரு கெரிஸாக வாங்கி, அந்த இரும்பை எல்லாம் சேர்த்து உருக்கொடுத்த அலகு அது. ஒரு நாட்டை ஒன்றாக்கினார்கள் என்பதை இதைவிட நேரடியாக எப்படிச் சொல்வது?

சில்லறையிலும் கெரிஸ் புழங்கியது. 1962-ல் வந்த மலாயா - பிரிட்டிஷ் போர்னியோ ஒரு சென்ட் காசில் இரண்டு கெரிஸ்கள் குறுக்கே கிடக்கும். 1989 வரிசையின் ஒரு ரிங்கிட் நாணயத்திலும் கெரிஸ். கள்ளக் காசு பெருகியதால் 2005 டிசம்பரில் அந்த ரிங்கிட் நாணயம் செல்லாமல் போனது. பழைய டப்பாக்களில் தேடினால் இப்போதும் ஒன்றிரண்டு கிடைக்கும்.

கடலுக்குப் போனால் மலேசியக் கடற்படை. கெரிஸ் வகை ரோந்துக் கப்பல்கள் நான்கு. அவற்றின் பெயர்கள் கெரிஸ், சுண்டாங், பாடிக், ரெஞ்சோங். நான்குமே இந்தப் பக்கத்து ஆயுதங்கள். பாடிக், சுலாவேசித் தீவின் புகிஸ் மக்கள் வைத்திருக்கும் குத்துவாள். ரெஞ்சோங், சுமத்ராவின் வடமுனையில் இருக்கும் அச்சே மக்களுடையது. அச்சே மாநிலத்துக்கே 'தானா ரெஞ்சோங்', ரெஞ்சோங் மண், என்றுதான் செல்லப்பெயர். சுனாமியின்போது நாம் நாள்தோறும் செய்தியில் கேட்ட அதே அச்சே.

வானத்திலும் உண்டு. சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் பறந்தவர்களுக்குக் 'கிரிஸ்ஃப்ளையர்' பாயின்ட் தெரிந்திருக்கும். விமானத்துக்குள் படம் பார்க்கும் திரைக்குக் 'கிரிஸ்வேர்ல்ட்'. விமானப் பத்திரிகைக்கு 'சில்வர்கிரிஸ்'. எல்லாம் இந்தக் குத்துவாள்தான். சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகிற எத்தனையோ பாட்டிகள் கத்தியின் பெயரில் பாயின்ட் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள், தெரியாமலேயே. வேடிக்கை என்னவென்றால், கடைத்தெருவில் நினைவுப்பொருளாக வாங்கிய குட்டிக் கெரிஸைக் கைப்பையில் போட்டுக்கொண்டு அந்த விமானத்தில் ஏற முடியாது. செக்-இன் பெட்டியில்தான் வைக்க வேண்டும். அதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

சிங்கப்பூரில் இறங்கி மெட்ரோ ரயிலில் போனால் 'ரெட்ஹில்' என்றொரு நிலையம். செம்மலை. அதன் பின்னால் ஒரு மக்கள் கதை. ஊசிபோல நீண்ட மூக்குள்ள மீன்கள் கூட்டம்கூட்டமாகக் கடலிலிருந்து பாய்ந்து கரையில் நின்றவர்களைக் குத்தின. நம் ராமநாதபுரம் மீனவர்கள் பிடிக்கும் முரல் மீனை நினைத்துக்கொள்ளுங்கள். கரையோரம் வாழைத்தண்டை வரிசையாக நட்டால் மீன்கள் அதில் குத்திச் சிக்கிக்கொள்ளும் என்று ஒரு சிறுவன் யோசனை சொன்னான். ஊர் பிழைத்தது. இவ்வளவு அறிவாளி பெரியவனானால் ஆபத்து என்று பயந்த அரசன் ஆள் அனுப்பி அவனைக் கொன்றுவிட்டான். சிந்திய ரத்தத்தில் குன்றே சிவந்துவிட்டதாம். இந்தக் கதைகளில் மீனின் மூக்கைவிட அரசனின் கத்திதான் எப்போதும் ஆழமாகப் போகிறது.

இது மலாய்க்காரர்களின் தனிப் பழக்கமும் அல்ல. ஆங்கிலத்திலும் குத்துவாள் எங்கெங்கோ போயிருக்கிறது. ஈட்டிபோன்ற கூர் இலைகள் உள்ள யுக்கா செடிக்கு 'ஸ்பானிஷ் டேகர்' என்று பெயர். இறக்கையில் குத்துவாள் வடிவக் கரும்புள்ளி இருப்பதால் ஒரு வகை அந்துப்பூச்சிகளுக்கு 'டேகர் மாத்'. கிரிக்கெட் ஸ்கோர்கார்டில் தோனி பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரத்தோடு ஒரு சிலுவைபோன்ற குறியும் இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? நட்சத்திரம் கேப்டனுக்கு. மற்றது சிலுவை அல்ல. அச்சுத் தொழிலில் அதன் பெயர் 'டேகர்', குத்துவாள். விக்கெட் கீப்பர் என்று அர்த்தம்.

உருவிய கத்தி

யுக்கா இலைக்கும் கெரிஸுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. யுக்காவைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை.

2005-ல் கோலாலம்பூரில் நடந்த அம்னோ கட்சியின் இளைஞர் பிரிவு மாநாட்டில், அதன் தலைவர் ஹிஷாமுதீன் உசேன் மேடையில் கெரிஸை உருவி உயர்த்தினார். அப்போது அவர் நாட்டின் கல்வி அமைச்சரும்கூட. அடுத்த ஆண்டும் கெரிஸ் வந்தது. அதற்கடுத்த ஆண்டும் வந்தது. அம்னோவின் கொடியிலேயே கெரிஸ் உண்டு. அது மலாய்ப் பண்பாட்டின் அடையாளம், பாதுகாப்பின் சின்னம் என்றது அந்தத் தரப்பு. சீனர்களும் இந்தியர்களும் அதை அப்படிப் பார்க்கவில்லை. தங்களை நோக்கி உருவிய கத்தியாகத்தான் பார்த்தார்கள். இன உரிமை பற்றிய காரமான பேச்சுகளுக்கு நடுவில் உயர்ந்த கத்தியை அவர்கள் வேறு எப்படிப் பார்க்க முடியும்?

2008 மார்ச் பொதுத்தேர்தலில் ஆளுங்கூட்டணி மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மையை இழந்தது. அடுத்த மாதமே ஹிஷாமுதீன் மன்னிப்புக் கேட்டார். கெரிஸைக் காட்டியதற்காக மலாய்க்காரர் அல்லாதவர்களிடமும், அந்தச் சின்னத்தைக் காக்க முடியாமல் போனதற்காக மலாய்க்காரர்களிடமும். தாமிங் சாரி கோபுரம் மலாக்காவில் திறந்ததும் அதே ஏப்ரல் மாதம்தான். ஒரு கெரிஸ் மேடையிலிருந்து இறங்கிய மாதத்தில் இன்னொரு கெரிஸின் பேரில் சுற்றுலாப் பயணிகள் வானத்துக்கு ஏறினார்கள்.

பாஸ்போர்ட்டில் இருக்கும் ஐந்து கெரிஸ்கள் எல்லோருக்கும் சொந்தம் என்றால், மேடையில் உருவிய ஆறாவது கெரிஸ் யாருக்குச் சொந்தம்? மலேசியத் தமிழர்களின் வீட்டுக் கூடங்களில் அந்த வருடங்களில் ஓடிய பேச்சு இதுதான்.

மலாய்க்காரர்களும் கெரிஸை ஒரே மாதிரி பார்த்தவர்கள் இல்லை. 1956-ல் 'ஹங் துவா' படம் வந்தது. பி.ராம்லி ஹங் துவாவாக நடித்தார். ஷா சகோதரர்கள் தயாரிப்பு, வங்காளத்தைச் சேர்ந்த ஃபனி மஜும்தார் இயக்கம். நண்பனைக் கொன்ற துவா, செய்தது சரிதானா என்று குழம்புவதோடு படம் முடியும். ஐந்தே வருடத்தில், 1961-ல், 'ஹங் ஜெபாட்' படம் வந்தது. இப்போது கதாநாயகன் கலகக்காரன்! அநியாய அரசனுக்கு விசுவாசம் காட்டுவது வீரமா என்று அந்தத் தலைமுறை கேட்டது. அதே காலத்தில் எழுத்தாளர் உஸ்மான் அவாங் எழுதிய நாடகமும் ஜெபாட் பக்கமே நின்றது. படத்தைத் தயாரித்த சிங்கப்பூர் ஸ்டூடியோவின் பெயர் தெரியுமா? கேத்தே-கெரிஸ்! சென்னையில் பிறந்து, 1950-ல் 'பக்தி' படத்தில் பி.ராம்லியைக் கதாநாயகனாக்கிய எல்.கிருஷ்ணனும் பின்னாளில் படம் இயக்கிய ஸ்டூடியோ அது. கெரிஸின் பேரை வைத்துக்கொண்ட நிறுவனமே கெரிஸால் குத்துப்பட்டவனுக்காகப் பேசியது.

கூலித் தெருவில் ஒரு சமாதி

இனி ஆற்றைக் கடந்து பழைய நகருக்குள் நடக்கலாம். மலாக்காவுக்கு வருகிற யாரும் தவறவிடாத இடம் ஜோங்கர் தெரு. வார இறுதி மாலைகளில் வாகனங்களை நிறுத்திவிட்டு இரவுச் சந்தை போடுவார்கள். செண்டோல், சோற்று உருண்டையோடு கோழி, மணிச் செருப்பு, சாவிக்கொத்து, குட்டிக் கெரிஸ். தோளோடு தோள் இடித்துக்கொண்டுதான் நகர முடியும். தெரு முனைப் பெயர்ப்பலகையில் அதன் அரசாங்கப் பெயர் இருக்கிறது. ஜாலான் ஹங் ஜெபாட். தோற்றுப்போன கலகக்காரனின் பெயரில்தான் நகரத்தின் கலகலப்பான தெரு. குறுக்கே போகும் சின்னத் தெருக்கள் ஹங் கஸ்தூரி, ஹங் லெக்கிர் என்று மற்ற நண்பர்களுடையவை.

பக்கத்துத் தெருவின் பெயர் ஜாலான் துக்காங் எமாஸ், பொற்கொல்லர் தெரு. அங்கே 1781-ல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி கோயில். மலாக்கா செட்டிகளின் கோயில். மலாய்ப் பெண்களை மணந்து, மலாய் பேசி, சைவர்களாகவே நின்ற பழந்தமிழ் வணிகர்களின் வாரிசுகள் இவர்கள். கோயிலிலிருந்து கூப்பிடு தூரத்தில் கம்போங் கெலிங் பள்ளிவாசல். இன்னும் கொஞ்சம் நடந்தால் சீனர்களின் செங் ஹூன் தெங் கோயில். அதே நடையில் தெருவின் பெயர் ஜாலான் துக்காங் பெசி என்று மாறும். இரும்புக் கொல்லர் தெரு.

ஜோங்கர் தெருவிலிருந்து கிளை பிரியும் ஒரு சந்துக்கு ஜாலான் கம்போங் கூலி என்று பெயர். கூலி என்ற சொல்லை நமக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை. சந்தையின் சத்தம் இங்கே பாதியாகக் குறைந்துவிடும். சுவர்களுக்கு நடுவில் ஒரு சின்ன மண்டபம், அதற்குள் ஒரு கல்லறை. ஹங் ஜெபாட்டின் சமாதி என்கிறது அறிவிப்புப் பலகை. டிக்கெட் இல்லை, வரிசை இல்லை. செண்டோல் கிண்ணத்தைக் கையில் பிடித்தபடி வழிதவறி வருகிறவர்கள் பலகையைப் படித்துவிட்டு, ஒரு படம் எடுத்துக்கொண்டு, வந்த வழியே தெருவுக்குத் திரும்புகிறார்கள்.